டர்போவுக்கு ஒரு எஞ்சின், நைட்ரஸுக்கு வேறொரு எஞ்சின்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் டிராக் ரேஸ் குறித்து வந்த கட்டுரையைப் படித்தோம். 402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டத்தைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதுவோர் குறைவு. அந்த வகையில் மகிழ்ச்சி. ஆனால் டர்போ (காற்றை அமுக்கித் திணிக்கும் கருவி) மாட்டினால் இத்தனை குதிரைத்திறன், நைட்ரஸ் (எரிதலைக் கூட்டும் வாயு) மாட்டினால் இத்தனை என்று கட்டுரை பட்டியல் போட்டதோடு நின்றுவிட்டது. அந்தக் கூடுதல் சக்தியைத் தாங்கப்போகும் எஞ்சினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் இணையத்தில் கிட் வாங்கிக்கொண்டு வந்து "மாட்டிக் கொடுங்கண்ணே" என்று கேட்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்கள் படிக்கும் பக்கத்தில் இந்த விவரமும் வர வேண்டும் என்றே எழுதுகிறோம்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் எடைதான் அதன் சக்தி. பெட்ரோல் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 1 கிலோ காற்று கிடைத்தால் ஏறத்தாழ 22 குதிரைத்திறன் வரும். நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய கார்களின் அளவில், துளை (சிலிண்டரின் உள்விட்டம்) 73 மி.மீ., வீச்சு (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 71.5 மி.மீ., மொத்தம் 1,197 சிசி என்று ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6,500 சுற்றில், சிலிண்டர் 90 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 3.5 கன மீட்டர் காற்றை இழுக்கும். சித்திரை மாதத்து 40 டிகிரி வெயிலில் அதன் எடை 4 கிலோ. அதாவது 85 முதல் 88 குதிரைத்திறன். இதே எஞ்சின் 15 டிகிரி குளிரில் சுமார் 9 சதவீதம் கூடுதல் காற்றை இழுக்கும். வெளிநாட்டுக் காணொளியில் பார்த்த எண்ணை நம் ஊர் மதிய வெயிலில் எதிர்பார்ப்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிறது. அமுக்கினால் சூடாகும். 1 பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்; 1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்றால் உள்ளே போகும் அழுத்தம் இரட்டிப்பு. டர்போவில் காற்றை அமுக்கும் கம்ப்ரெசரின் திறன் 70 சதவீதம் என்றால், 40 டிகிரியில் நுழைந்த காற்று 138 டிகிரியில் வெளியே வரும். இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிரவைக்கும் ரேடியேட்டர்) இல்லாமல் அப்படியே அனுப்பினால் காற்றின் எடை ஒன்றரை மடங்குதான் கூடும். சக்தி சுமார் 130 குதிரைத்திறனில் நின்றுவிடும். 70 சதவீதம் வேலை செய்யும் இன்டர்கூலர் வைத்தால் காற்று 69 டிகிரிக்கு இறங்கி, 160 குதிரைத்திறன் வரை வாய்ப்புண்டு. பூஸ்ட் மீட்டரில் அதே 1 பார்தான் தெரியும். வித்தியாசம் 30 குதிரைத்திறன், அதைவிட முக்கியமாக 69 டிகிரி வெப்பம். அந்த வெப்பம்தான் நாக்கிங்கை (கலவை தானே பற்றி வெடிப்பதை) வரவழைத்து பிஸ்டனை உடைக்கிறது.

நைட்ரஸ் ஆக்சைடின் வழி வேறு. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரியைத் தாண்டும்போது அது பிரிந்து ஆக்சிஜனை விடுகிறது. பாட்டிலில் திரவமாக இருந்து ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிரவைக்கிறது. டர்போ சுற்றேறக் காத்திருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஸ் பட்டனைத் தொட்டதும் முழுச் சக்தியைத் தருகிறது. அதன் நன்மை அதுதான், ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது.

ஏனென்றால் நைட்ரஸ் ஜெட் (வாயுவை அளந்து விடும் சிறு துளை) எந்தச் சுற்றிலும் ஒரே அளவு சக்தியைத்தான் கொட்டும். 50 குதிரைத்திறன் ஜெட்டை 6,000 சுற்றில் திறந்தால் கூடுவது சுமார் 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே ஜெட்டை 3,000 சுற்றில் திறந்தால் 118. மேலே சொன்ன எஞ்சினின் சொந்த முறுக்குவிசையே 110, 115 அளவுதான். ஆக 3,000 சுற்றில் பட்டனை அமுக்குகிறவர் கனெக்டிங் ராடின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின்) மேல் ஒரே நொடியில் இரு மடங்கு சுமையை ஏற்றுகிறார். ராடு வளைவதும், அதன் பெரிய முனை பேரிங் நசுங்குவதும் உச்சச் சுற்றில் நடப்பதில்லை; பெரும்பாலும் கீழ்ச் சுற்றில்தான் நடக்கும். அதனால் நைட்ரஸ் சோலனாய்டை (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வை) வெறும் பட்டனோடு விடக் கூடாது. ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்தால் மட்டும் இணையும் ஸ்விட்ச் ஒன்று, சுற்று அளவைப் பார்க்கும் விண்டோ ஸ்விட்ச் ஒன்று, இரண்டும் தொடரில் இருக்க வேண்டும். 3,500க்கு மேல் திறந்து, ரெவ் லிமிட்டருக்கு 300 சுற்று முன்பே மூட வேண்டும். லிமிட்டர் பெட்ரோலை வெட்டும்போது நைட்ரஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தால் அந்தக் கணமே பிஸ்டன் உருகும்.

இனி எஞ்சினின் உள்ளே வருவோம். டர்போவுக்குக் கட்டும் எஞ்சினில் அழுத்த விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை) குறைக்க வேண்டும். பங்க் பெட்ரோலில் 8.5 முதல் 9.5 வரை என்பது பழகிய அளவு. இதற்கு நம் பக்கத்தில் செய்யும் குறுக்கு வழி, பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையே தடிமனான ஹெட் கேஸ்கெட்டைப் போடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிஸ்டன் மேலே வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே 0.9 முதல் 1 மி.மீ. இடைவெளிதான் இருக்க வேண்டும். அந்தக் குறுகிய இடத்திலிருந்து கலவை பிதுங்கி நடுவுக்குப் பாய்வதால்தான் எரிதல் வேகமாக முடிகிறது. கேஸ்கெட்டைத் தடிமனாக்கி அந்த இடைவெளியை 1.8, 2 மி.மீ. ஆக்கிவிட்டால் அழுத்தம் குறைந்தும் நாக்கிங் குறையாது. சில எஞ்சின்களில் கூடும். விளிம்பை அப்படியே விட்டு, நடுவில் குழிவு உள்ள பிஸ்டன் போடுவதே முறை. நைட்ரஸ் எஞ்சினுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சிறிய அளவுக்கு 10.5, 11 விகிதத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வாயு இல்லாத நேரத்திலும் எஞ்சின் சோர்ந்துபோகாது. டர்போவுக்காக விகிதத்தைக் குறைத்த எஞ்சின், பூஸ்ட் ஏறும்வரை ஸ்டாக் காரைவிட மந்தமாகத்தான் இருக்கும்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளியைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் டர்போவோ நைட்ரஸோ போட்டு உடைந்து வரும் எஞ்சின்களில் இதைக் கவனிக்காததே முதல் காரணம். ரிங் சூடாகும்போது நீளும். இரு முனைகளும் முட்டிக்கொண்டால் அதற்கு மேல் நீள இடமில்லாமல் சிலிண்டர் சுவரில் இறுகும். பிஸ்டனின் மேல் விளிம்பு ரிங் காடியோடு பெயர்ந்து வந்துவிடும். சாதாரண எஞ்சினுக்குத் துளையின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.004 மி.மீ. என்பது கணக்கு. 73 மி.மீ. துளைக்கு மேல் ரிங்கில் 0.29. டர்போவுக்கு அது 0.40 முதல் 0.44 வரை. நைட்ரஸுக்கு 0.47 முதல் 0.51 வரை, எரியும் வெப்பம் திடீரென்று ஏறுவதால் அங்கே இன்னும் அதிக இடம் வேண்டும். பிஸ்டன் செய்த கம்பெனி தாளில் வேறு அளவு சொன்னால் அதுவே இறுதி.

அளக்கும் முறை இதுதான். ரிங்கை வெறுமனே துளையில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து 25 மி.மீ. கீழே தள்ளுங்கள்; அப்போதுதான் ரிங் சாயாமல் சமமாக உட்காரும். முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) விட்டு அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும் அரமிட வேண்டும். அரத்தை வெளி முகத்திலிருந்து உள்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் முகத்தில் உள்ள மாலிப்டினம் பூச்சு உதிரும். முடிந்ததும் எண்ணெய்க் கல்லில் முனையை லேசாகத் தேய்த்துப் பிசிறை எடுங்கள். ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகும் சிலிண்டரிலேயே அளக்க வேண்டும். நான்கு சிலிண்டரும் ஒரே அளவுதானே என்று ஒன்றில் அளந்து நான்குக்கும் போடுவது சரியல்ல. ரீபோர் செய்த (துளையைக் கடைந்த) லேத் எவ்வளவு நல்லதானாலும் சிறு வித்தியாசம் இருக்கவே செய்யும்.

பிஸ்டன் வார்ப்பா, ஃபோர்ஜ் செய்ததா (அடித்து உருவாக்கியதா) என்பதும் இதோடு சேர்ந்தது. வார்ப்புப் பிஸ்டன் நாக்கிங்கைத் தாங்காமல் கண்ணாடிபோல் விரிசல் விடும். ஃபோர்ஜ் செய்ததில் 4032, 2618 என்று இரு வகை அலாய் உண்டு. 4032 குறைவாக விரிவடையும், ஓரளவு சுற்றுக்கு ஏற்றது. 2618 இன்னும் வலுவானது, ஆனால் அதிகம் விரியும். சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கூடுதல் இடைவெளி கேட்கும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து இடைவெளியைக் குறைத்துக் கட்டினால் இரண்டாவது ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது பிளாக். இன்றைய சிறிய அலுமினிய எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர்களின் மேல்பகுதி திறந்திருக்கும். தண்ணீர் முழுச் சுற்றும் ஓட இடம் விட்டிருப்பார்கள். எரிபொருள் சிக்கனத்துக்கும் உற்பத்திச் செலவுக்கும் அது நல்லது. 1 பார் பூஸ்டில் அந்தச் சிலிண்டர் மேல்முனை மயிரிழை ஆடும்; ஆட ஆட ஹெட் கேஸ்கெட் தேயும். பூஸ்ட் ஏறும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியிலிருந்து தண்ணீர் கக்கி, சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாமல் இருந்தால் இதுதான் காரணம். டொயோட்டாவின் 2ஜேஇசட் எஞ்சின் உலகெங்கும் டிராக் தடங்களில் பேர் வாங்கியதற்கு அதன் டர்போ மட்டும் காரணமில்லை. 86க்கு 86 மி.மீ. துளையும் வீச்சும், இரும்பு பிளாக், மூடிய மேல்தளம், ஆறு சிலிண்டருக்கு ஏழு மெயின் பேரிங்: அதன் வடிவமைப்பே பெரும் சுமைக்கு இடம் விட்டிருந்தது. நம்மிடம் உள்ள எஞ்சின் அப்படியில்லை என்றால் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும், நீளும் போல்ட்டுகளுக்குப் பதில் ஸ்டட்டுகளும் போடுங்கள். ஸ்டட்டைக் கையால் மட்டும் பிளாக்கில் இறக்கி, நட்டை உரிய மசகுப் பொருள் தடவி மூன்று கட்டமாக முறுக்க வேண்டும்.

கேம் ஷாஃப்ட்டில் (வால்வுகளைத் திறக்கும் தண்டில்) டர்போ எஞ்சினும் நைட்ரஸ் எஞ்சினும் முற்றிலும் பிரிந்து போகின்றன. டர்போ எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின்னழுத்தம் பல நேரம் பூஸ்டைவிட அதிகமாக இருக்கும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீண்டால் எரிந்த புகை திரும்ப உள்ளே வந்து புதுக் கலவையைச் சூடாக்கும். ஆகவே கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளைத் தள்ளும் மேடுகளின் (லோப்) மையங்களுக்கு இடையே 112 முதல் 116 டிகிரி வரை அகலமாக வைப்பார்கள். நைட்ரஸ் எஞ்சினில் பின்னழுத்தம் கிடையாது. ஆனால் வெளியேற வேண்டிய புகை அதிகம். எக்ஸாஸ்ட் வால்வு முன்கூட்டியே திறந்து நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்கையும் பாருங்கள்: 32 மி.மீ. இன்டேக் வால்வின் முதுகில் 1 பார் பூஸ்ட் 8 கிலோ பலத்தோடு தள்ளுகிறது. பழைய ஸ்பிரிங் அந்த அளவுக்குத் தன் பலத்தை இழக்கிறது. மேல் சுற்றில் வால்வு சரியாக மூடாமல் மிதக்கும்.

காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் இன்டேக் மேனிஃபோல்டை யாரும் கவனிப்பதில்லை. இன்றைய கார்களின் பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் காற்றுக்காக மட்டும் செய்தது. பெட்ரோல் வால்வின் வாசலில்தான் தெளிக்கப்படுகிறது. திராட்டில் பாடிக்கு (காற்றின் அளவை ஆக்சிலேட்டர் கட்டுப்படுத்தும் வாசலுக்கு) முன்னால் ஒரே நாசில் வைத்து நைட்ரஸையும் பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் ஈரக் கிட்டை இதில் போட்டால், வளைவுகளில் பெட்ரோல் மட்டும் கனத்து விழுந்து தேங்கும். ஒரு சிலிண்டருக்கு அதிகம், கடைசி சிலிண்டருக்குக் குறைவு. தேங்கிய பெட்ரோல் ஒருநாள் பற்றிக்கொண்டால் மேனிஃபோல்ட் வெடித்துப் பானட் தூக்கும். நான்கு குழாய்க்கும் தனித்தனி நாசில் வைக்கும் முறை செலவு அதிகம், வேலையும் அதிகம். இந்த வகை மேனிஃபோல்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பது அதை மட்டுமே.

கிட்டோடு வரும் ஜெட் அட்டவணையை அப்படியே பின்பற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அவை எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குப் போட்டவை. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் காற்று 14.7 பங்கு என்றால் இதற்கு 13.5 பங்குதான். அதாவது அதே காற்றுக்கு 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். நைட்ரஸுக்கும் கணக்கு அதேதான். பெட்ரோல் ஜெட்டின் விட்டத்தை 4 அல்லது 5 சதவீதம் கூட்டினால் சரியாகிவிடும். கூட்டாமல் விட்டால் கலவை வறண்டு ஓடும். டர்போவில் இதையே இன்ஜெக்டரில் பார்க்க வேண்டும். 160 குதிரைத்திறனுக்கு, இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், நிமிடத்துக்கு 330 முதல் 350 சிசி தரும் நான்கு இன்ஜெக்டர்கள் தேவை. மீட்டரைக் காற்று எரிபொருள் விகிதத்தில் படிக்காமல் லாம்டாவில் (முழுதாக எரியத் தேவையான காற்று 1 என்று வைத்த அளவில்) படியுங்கள். எந்தப் பெட்ரோலானாலும் பூஸ்டில் 0.80, 0.82 என்பது மாறாது. பம்புக்குப் போகும் வயரையும் மாற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது பம்பின் முனையில் 13.5 வோல்ட் இல்லையென்றால் எவ்வளவு பெரிய பம்ப் போட்டும் பயனில்லை.

பாட்டிலின் வெப்பம் செட்டிநாட்டுக்கென்றே எழுத வேண்டிய விஷயம். நைட்ரஸ் பாட்டிலின் அழுத்தத்தை அதன் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. 20 டிகிரியில் சுமார் 735 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 915, 32 டிகிரியில் 955. ஜெட் அட்டவணைகள் 900, 950 பிஎஸ்ஐயை வைத்துத்தான் போடப்படுகின்றன. 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் ஆக்சைடு திரவமாக இருக்கவே முடியாது. அழுத்தம் 1,050ஐக் கடந்து ஏறிக்கொண்டே போகும், பாட்டிலிலிருந்து வருவது திரவமா வாயுவா என்று சொல்ல முடியாத நிலை. அப்போது ஜெட் வழியே எவ்வளவு போகிறது என்று எந்த அட்டவணையும் சொல்லாது. பங்குனி முதல் ஆவணி வரை நம் பக்கம் நிழலிலேயே இந்த எல்லையைத் தொடும் நாட்கள் உண்டு. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியைச் சொல்லவே வேண்டாம்.

வெளிநாட்டுக் கடைகள் பாட்டில் ஹீட்டரைக் கிட்டோடு தள்ளிவிடுகின்றன. மார்கழி விடியற்காலை ஓட்டத்துக்கு மட்டும் அது உதவும். மற்ற மாதங்களில் நமக்கு வேண்டியது குளிர்ச்சி. நனைத்த சாக்கைச் சுற்றி மின்விசிறிக் காற்றில் வையுங்கள், அல்லது ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே எடுங்கள். 30, 32 டிகிரிக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். 28க்குக் கீழே விட்டால் அழுத்தம் 870க்கும் கீழே இறங்கி, பெட்ரோல் கூடிக் கறுப்புப் புகை தள்ளும்.

நிரப்பும்போது தராசில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பாட்டிலில் பொறித்த எடைக்கு மேல் ஒரு கிராம்கூடக் கூடாது. அதிகம் நிரப்பிய பாட்டில் சூடாகும்போது உள்ளே விரிய இடமில்லாமல் பாதுகாப்புத் தகடு கிழியும். பாட்டில் காருக்குள் இருந்தால் அந்தத் தகட்டிலிருந்து வெளியே போகும் குழாய் ஒன்று கட்டாயம். மூடிய காரில் அந்த வாயு நிறைந்தால் ஓட்டுபவருக்கு மூச்சடைக்கும். மருத்துவமனை சிலிண்டரிலிருந்து மாற்றி நிரப்பித் தருவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். வாயு சிலிண்டர் விதிகளின்படி நிரப்ப உரிமம் வேண்டும் என்பது ஒருபுறம். எண்ணெயோ கிரீஸோ பட்ட இணைப்பில் அந்த வாயு அழுத்தத்தோடு பாய்ந்தால் வெடிக்கும் என்பது மறுபுறம். இணைப்புகளில் டெஃப்லான் டேப்பும் வேண்டாம். பிய்ந்த துண்டு சோலனாய்டில் சிக்கினால் வால்வு மூடாது. பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸைத் தானாக நிறுத்தும் ஸ்விட்ச் சில நூறு ரூபாய்க்கும் சில ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. முழு எஞ்சினைக் காப்பாற்றும் பொருள் அது.

டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) விஷயத்தில் பழைய விதி 50 குதிரைத்திறன் நைட்ரஸுக்கு 2 டிகிரி பின்னுக்குத் தள்ளுவது. அது அமெரிக்கப் பெரிய வி8 எஞ்சின்களுக்காக உண்டானது. 1.2 லிட்டரில் 50 என்பது சொந்தச் சக்தியில் பாதிக்கும் மேல். 4 டிகிரியில் தொடங்கி 6 வரை போக வேண்டும். ஆக்சிஜன் செறிவு கூடினால் எரிதல் வேகமாகும், உச்ச அழுத்தம் முன்கூட்டியே வந்து பிஸ்டனை எதிர்த்து அடிக்கும், அதனால்தான் இந்தத் தள்ளல். ஸ்பார்க் பிளக்கும் ஒன்று அல்லது இரண்டு படி குளிர்ந்ததாக வேண்டும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும் என்பதை நினைவில் வையுங்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. போதும்.

பிளக்கைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேறு கருவி குறைவாகவே தேவைப்படும். புதுப் பிளக் போட்டு ஒரே ஒரு முழு ஓட்டம். கோட்டைத் தாண்டியதும் கிளட்சை மிதித்து எஞ்சினை அங்கேயே அணைத்து, உருண்டு வந்து நிறுத்துங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பினால் தடயம் அழிந்துவிடும். பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிளக் நுனியில் வளைந்திருக்கும் தரைக் கம்பியில் சூட்டின் நிறம் மாறும் கோடு ஒன்று தெரியும். அது கம்பி வளையும் இடத்தில் இருந்தால் டைமிங் சரி. கம்பி பிளக்கோடு ஒட்டும் அடிவரை இறங்கியிருந்தால் டைமிங் அதிகம், முனையிலேயே நின்றால் குறைவு. பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் ஆரம்பித்துவிட்டது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே வெள்ளியாய் மின்னும் மணிகள் இருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கு அந்த வண்டி இனி ஓடக் கூடாது.

டர்போவின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது கியர் பாக்ஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கியர் 1.90, மூன்றாவது 1.28 என்றால் 7,000 சுற்றில் மாற்றும்போது எஞ்சின் 4,700க்கு விழும். டர்போ முழுப் பூஸ்டுக்கு வரும் சுற்று அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய டர்போ போட்டால் ஒவ்வொரு கியரிலும் காத்திருப்புதான். கிளம்பும் இடத்தில் டூ ஸ்டெப் லாஞ்ச் கட்டுப்பாடு (நிற்கும்போதே சுற்றை ஓர் அளவில் பிடித்துவைக்கும் அமைப்பு) வைத்துப் பூஸ்டை ஏற்றலாம். சிறிய நைட்ரஸ் ஜெட்டைக் கிளம்பும்போது மட்டும் திறந்து, பூஸ்ட் வந்ததும் மூடும் முறையும் உண்டு. இரண்டையும் சேர்க்கிறவர்கள் எஞ்சினை டர்போவுக்குக் கட்டி, ரிங் இடைவெளியை நைட்ரஸுக்கு வைக்க வேண்டும். எண்ணெய்க் குழாயைப் பற்றி ஒரே வார்த்தை: டர்போவிலிருந்து இறங்கும் குழாய் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையாமல், எங்கும் மேலேறாமல், நேரே சம்ப்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு) இறங்க வேண்டும். ஓடி முடித்ததும் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 50க்கு 50 மி.மீ., 98 சிசி, 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் என்ற அந்த எஞ்சினுக்கு டர்போ தேடி அலைய வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட் மூடிய பிறகும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்தே இருக்கும்; திணித்த கலவை வெளியே ஓடிவிடும். வெளியே போனதைத் திரும்ப உள்ளே தள்ளுவது எக்ஸ்பான்ஷன் சேம்பரின் (கூம்பு வடிவப் புகைக்குழாயின்) அழுத்த அலைதான். அந்தச் சேம்பரின் கூம்புக் கோணங்களையும் நீளத்தையும் போர்ட் உயரத்தோடு பொருத்துவதே அந்த வண்டிக்குச் செய்யத்தக்க வேலை. நைட்ரஸ் போட்டால், கூடுதலாகத் தெளிக்கும் பெட்ரோலில் டூ டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் எண்ணெயும்) கலந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எக்ஸாஸ்ட் பக்கத்தில் பிஸ்டன் பிடித்து, பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் கிடைக்கும் பலன் என்ன என்று கேட்பது நியாயம். ஓட்டுபவரோடு 1,020 கிலோ உள்ள கார், டயர் நன்றாகப் பிடித்தால், 402 மீட்டரை எடுக்கும் நேரத்துக்கு ஒரு பழகிய கணக்கு உண்டு: எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை 7.58ஆல் பெருக்க வேண்டும். 85 குதிரைத்திறனில் 17.4 நொடி. நைட்ரஸோடு 135க்கு 14.9. டர்போவோடு 160க்கு 14.1. கனமூலம் என்பதால் சக்தி கூடக் கூட நேரம் குறைவது சிறிதாகிக்கொண்டே போகும். முதல் 18 மீட்டரில் மிச்சப்படுத்தும் 0.1 நொடி, கோட்டில் 0.15 முதல் 0.2 நொடியாகக் கிடைக்கும். நல்ல டயருக்கும் கிளட்சுக்கும் போடும் பணம் பெரிய டர்போவுக்குப் போடும் பணத்தைவிட முதலில் பலன் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கடைசியாக, ஓடும் இடம். தேவகோட்டைச் சாலையிலும் திருச்சி நெடுஞ்சாலையிலும் இரவில் நடப்பவை டிராக் ரேஸ் இல்லை. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். பதிவில் இல்லாத மாற்றங்களோடு ஓட்டுவது 52ஆம் பிரிவுக்கு எதிரானது. முறையான ஓட்டத்துக்குச் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரை நம் பிள்ளைகள் போக வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இருக்கிறது. ஆண்டில் ஓரிரு நாட்களாவது, உரிய விளையாட்டு அமைப்பின் அனுமதி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, நிற்பதற்கு 402 மீட்டருக்குக் குறையாத கூடுதல் தளம், ஓடுவதற்கு முன் வாகனச் சோதனை ஆகியவற்றோடு அங்கே நடத்த முடியுமா என்று மாவட்ட நிர்வாகம் பரிசீலிக்க வேண்டும். வகை பிரிப்பதற்கு நாம் வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. நம் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து ஓடவிடுகிறோமே, அதே நியாயம்தான்: ஸ்டாக், டர்போ, நைட்ரஸ், டூ ஸ்ட்ரோக் எல்லாம் தனித்தனியாக ஓட வேண்டும். காரைக்குடியின் பொறியியல் கல்லூரி மாணவர்களைச் சோதனைக் குழுவில் சேர்த்தால், ரிங் இடைவெளியையும் பாட்டில் எடையையும் சரிபார்க்க ஆள் பஞ்சம் இருக்காது.

தங்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த முறை டர்போ வண்டியைப் பற்றி எழுதும்போது குதிரைத்திறனுக்குப் பக்கத்திலேயே துளை, வீச்சு, அழுத்த விகிதம், பிஸ்டன் வகை, எந்தப் பெட்ரோல், எந்த வெப்பநிலையில் அளந்தது என்ற ஆறையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
எஞ்சின் மறுகட்டுமானத் தொழிலில் உள்ள சிலர்,
காரைக்குடி.